அந்த இஃப் ஏன் அங்கே இருந்தது? அஜைல் டீம்களில் தொலையும் அறிவும் அதைப் பிடித்துவைக்கும் படங்களும்

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு ‘கே.டி.’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: வேலையை விட்டுப் போகிறவர் தனக்குத் தெரிந்ததை இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்’. ஒருவர் பேப்பர் போட்டுவிடுகிறார். நோட்டீஸ் பீரியடின் கடைசி இரண்டு வாரம், தினமும் ஒரு மணி நேரம், திரையைப் பகிர்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து காட்டுகிறார். “இது நைட் பேட்ச். இது கான்ஃபிக். இந்த ஃபைலை யாரும் தொட மாட்டாங்க.” எல்லாம் ரெக்கார்ட் ஆகிறது. கடைசி நாள் கேக் வெட்டி, போட்டோ எடுத்து அனுப்பிவைக்கிறோம். அதற்கப்புறம் அந்த ரெக்கார்டிங்கை யாரும் திறப்பதில்லை. திறந்தாலும் பெரிய பிரயோஜனம் இருக்காது. எது எங்கே இருக்கிறது என்பதை நிரலைப் படித்தே கண்டுபிடித்துவிடலாம். ஏன் அப்படி இருக்கிறது என்பதுதான் அந்தப் பத்து மணி நேர வீடியோவில் எங்குமே வராது. அந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்கு விஷயம் தெரிந்த ஆள் அப்போது எதிரே உட்கார்ந்திருப்பதில்லை.

நான் வேலை பார்க்கும் ஒரு கடன் நிறுவனத்தின் மாதத் தவணை வசூல் சிஸ்டத்தில் இப்படி ஒன்று நடந்தது. தவணை நாளில் யார் யார் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டும் என்று வங்கிக்கு ஒரு ஃபைல் போகும். எது வசூலானது, எது திரும்பியது என்று வங்கி பதில் ஃபைல் அனுப்பும். திரும்பியவற்றை மறுபடி அனுப்ப ஒரு ஜாப் (தானாக ஓடும் நிரல்) உண்டு. அந்த ஜாப்பின் நடுவில் ஓர் இஃப், அதாவது ஒரு நிபந்தனை: இரண்டாவது பதில் ஃபைல் வரவில்லையென்றால் எதுவும் செய்யாமல் வெளியே வந்துவிடு. கமென்ட் கிடையாது. எழுதியவர் வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பெரும்பாலான நாட்களில் எல்லாப் பதிலும் முதல் ஃபைலிலேயே வந்துவிடும். இரண்டாவது ஃபைல் காலியாக வரும். புதிதாகச் சேர்ந்த தம்பி அந்த நிபந்தனையைப் பழைய குப்பை என்று நினைத்து எடுத்துவிட்டான். ரிவ்யூ செய்தது நான். எனக்கும் அது குப்பையாகத்தான் தெரிந்தது.

அடுத்த மாதம் தவணை நாளில் வங்கியின் பக்கம் கூட்டம் அதிகம். முதல் ஃபைலில் பாதிப் பதில்தான் வந்தது. பதில் வராதவற்றையெல்லாம் ‘திரும்பியது’ என்று எடுத்துக்கொண்டு எங்கள் ஜாப் மறுபடி அனுப்பியது. மறுநாள் காலை இரண்டாவது ஃபைல் வந்தது. பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை முதல் தடவையே வசூலாகியிருக்கின்றன. சில நூறு பேருக்கு ஒரே தவணை இரண்டு முறை போயிருந்தது. வாடகைக்கு எடுத்துவைத்த பணம் போனவர்கள் போனில் அழுதார்கள்.

அந்த இஃபை எழுதிய அண்ணனைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். “ரெண்டாவது ஃபைல் வர்ற வரைக்கும் எதையும் பவுன்ஸ்னு முடிவு பண்ணக் கூடாது தம்பி, அதுக்குத்தானே அதைப் போட்டேன்? ஆரம்பத்துல ஒரு தடவை இதே மாதிரி ஆச்சு. அன்னிக்கு ஸ்டாண்ட்-அப்ல எல்லார்கிட்டயும் சொன்னேனே” என்றார்.

சொல்லியிருக்கிறார். ஸ்டாண்ட்-அப் என்பது டீம் தினமும் நின்றபடியே நடத்தும் சின்ன மீட்டிங். அன்றைக்கு அதில் நின்றிருந்த ஆறு பேரில் ஒருவர்கூட இப்போது அந்த டீமில் இல்லை.

இதையே பல மடங்கு பெரிதாக நியூயார்க் பங்குச்சந்தையில் பார்த்திருக்கிறோம். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், சந்தையின் ஒரு புதிய திட்டத்துக்காகத் தன் சர்வர்களில் புது நிரலை ஏற்றியிருந்தது. அந்தச் சர்வர்களில் ‘பவர் பெக்’ என்ற பழைய பகுதி ஒன்றும் கிடந்தது. 2003க்குப் பிறகு பயன்படுத்தாதது, ஆனாலும் யாரும் அழிக்கவில்லை. ஓர் ஆர்டருக்குத் தேவையான பங்குகள் கிடைத்துவிட்டன, போதும் நிறுத்து என்று எண்ணிச் சொல்லும் பகுதியை 2005ல் வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். அதற்கப்புறம் பவர் பெக் சரியாக ஓடுகிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. புதுத் திட்டத்துக்கு ஒரு ஃப்ளாக் (நிரலின் ஒரு பகுதியை ஓடவைக்கும் சுவிட்ச் மாதிரி) தேவைப்பட்டபோது, பவர் பெக்கை எழுப்பும் அதே பழைய ஃப்ளாகை எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் புது நிரலை ஏற்ற விட்டுப்போயிற்று.

சந்தை திறந்ததும் அந்த எட்டாவது சர்வர் பவர் பெக்கை ஓட்ட ஆரம்பித்தது. நிறுத்தச் சொல்லும் எண்ணிக்கை அதற்குத் தெரியாததால் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. 212 ஆர்டர்களைக் கையாளப் போய், 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் 39.7 கோடி பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள் நடந்துவிட்டன. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். 2013 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட உத்தரவில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. 1.2 கோடி டாலர் அபராதமும் போட்டார்கள்.

அந்த உத்தரவில் இரண்டு விவரங்கள் என்னை ரொம்பவே பாதித்தவை. ஒன்று, சந்தை திறப்பதற்கு முன்பே ‘பவர் பெக் டிசேபிள்ட்’ என்ற வாசகத்தோடு 97 மின்னஞ்சல்கள் தானாகவே பணியாளர்களுக்குப் போயிருக்கின்றன. அதைப் படித்து யாரும் பதறவில்லை. இன்னொன்று, பிரச்சினை நடந்துகொண்டிருக்கும்போதே, சரியாக ஏற்றியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புது நிரலை எடுத்துவிட்டார்கள். புதியதுதான் தப்பு என்று நினைத்தார்கள். அதை எடுத்ததும் அந்த ஏழிலும் பவர் பெக் விழித்துக்கொண்டு நிலைமை இன்னும் மோசமாயிற்று. இந்த ஃப்ளாகைப் போட்டால் பழைய நிரலில் எது எழும் என்ற ஒரு கோர்வை அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்களின் தலையில் இல்லை. ஒரு படம் இருந்திருந்தால் நைட் கேபிடல் தப்பித்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்கும் எழுத்துப்பூர்வ நடைமுறையே அங்கு இல்லை என்கிறது உத்தரவு. ஆனால் அந்த ஏழு சர்வர்களில் கை வைத்தது அறிவு தொலைந்ததால்தான்.

சரி, மென்பொருளைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகக் கட்டும் அஜைல் முறை இதற்கு என்ன சொல்கிறது? 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில், விரிவான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளே எங்களுக்கு முக்கியம் என்ற வரி வருகிறது. அதன் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ‘அஜைலில் டாக்குமென்ட் கிடையாது’ என்று சொல்பவர்களை எல்லா அலுவலகத்திலும் பார்க்கலாம். ஆவணங்களுக்கும் மதிப்பு உண்டு, மற்றதற்கு அதைவிட அதிகம் என்று அதே அறிக்கை கீழேயே சொல்லியிருக்கிறது.

அவர்கள் ஏன் அப்படி எழுதினார்கள் என்பதற்கு அதற்கு முந்தைய பத்து வருடத்தைப் பார்க்க வேண்டும். கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவர் ஜேக்கப்சன் மூவரும் மென்பொருளைப் படமாக வரையத் தனித்தனியாக வைத்திருந்த முறைகள் ஒன்றாகி யூஎம்எல் ஆயிற்று. 1997ல் அது தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. கிளாஸ் டயகிராம், சீக்வென்ஸ் டயகிராம், ஸ்டேட் டயகிராம் எல்லாம் அதில் வருபவை, நல்ல கருவிகள். ஆனால் எதை வரைய வேண்டும் என்று யோசிக்காமல் எல்லாவற்றையும் வரைந்தார்கள். நூற்றுக்கணக்கான பக்கம் வடிவமைப்பு ஆவணம் எழுதி, கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் முதல் வரி நிரல். மூன்றாவது மாதத்திலேயே நிரல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். அந்தச் சலிப்பிலிருந்து வந்தது ஸ்னோபேர்ட் வரி. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் அதே அறிக்கையின் கொள்கைகளில் இன்னொன்று, நேருக்கு நேர் பேசுவதுதான் தகவலைக் கொடுத்து வாங்கச் சிறந்த வழி என்கிறது. ஒரே அறையில், வருடக்கணக்கில், அதே ஆட்கள் உட்கார்ந்திருந்தால் அது முழுக்கச் சரி. நம் ஊர் நிலைமை அப்படியா இருக்கிறது? 2022 மார்ச் கணக்குப்படி, இன்போசிஸில் அதற்கு முந்தைய 12 மாதங்களில் தாங்களாக விலகியவர்களின் விகிதம் 27.7 சதவீதம். அந்த வருடம் துறை முழுக்கவே ஆள் மாறிக்கொண்டிருந்தது. கிளையன்ட் ஒரு நாட்டில், டீமில் பாதி சென்னையில், மீதி அவரவர் வீட்டில். இதில் பேச்சை மட்டும் நம்பினால், பேசிய ஆள் போகும்போது பேச்சும் கூடவே போய்விடும்.

இந்த இடத்தில் எனக்குத் தெளிவு கொடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நவுர். 2005ல் டூரிங் விருது பெற்ற கணினி அறிஞர். நிரல் எழுதுவது என்பது அடிப்படையில் ஒரு கோட்பாட்டை உருவாக்குவது என்று 1985ல் ஒரு கட்டுரை எழுதினார். கோட்பாடு என்று அவர் சொல்வது, உலகத்தில் நடக்கும் ஒரு விஷயம் நிரலில் எந்த இடத்தில், ஏன் அந்த உருவத்தில் இருக்கிறது, புதிதாக ஒன்று கேட்டால் அதை எங்கே பொருத்த வேண்டும் என்று ஒருவரால் சொல்ல முடிகிற புரிதலை. அந்தப் புரிதல் மனிதர்களிடம்தான் இருக்கிறது என்றும், அதை முழுமையாக எழுதிவைக்க முடியாது என்றும் அவர் வாதிட்டார்.

அவர் காட்டும் உதாரணம் ஒரு கம்பைலர், அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள். ஒரு குழு அதை எழுதுகிறது. அதை நீட்டித்து இன்னொரு கணினிக்குக் கொண்டுபோக இரண்டாவது குழு வாங்கிக்கொள்கிறது. முழு ஆவணம், விளக்கக் குறிப்புகளோடு நிரல், நேரடி ஆலோசனை எல்லாம் கிடைக்கின்றன. ஆனாலும் இரண்டாவது குழு கொண்டுவந்த தீர்வுகள் சிலவற்றைப் பார்த்ததும் முதல் குழுவினர் அதிர்ந்துபோகிறார்கள். கம்பைலரின் கட்டமைப்புக்குள்ளேயே இருந்த எளிய வழியை விட்டுவிட்டு, மேலே ஒட்டுப்போட்டு அதன் அழகையே கெடுக்கும் தீர்வுகள் அவை. முதல் குழு உடனே அதைக் கண்டு, உள்ளேயே அடங்கும் எளிய வழியைச் சொல்கிறது. சில வருடம் கழித்து, முதல் குழுவின் துணை இல்லாமல் வேறு ஆட்கள் கையில் போனபோது, பழைய கட்டமைப்பு தெரிகிற மாதிரி இருந்தும் பயனற்றுப் போயிருந்தது என்கிறார் நவுர்.

இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் எழுதுவதே வீண் என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. புரிதலைக் காகிதத்தில் சேமிக்க முடியாது, சரி. ஆனால் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போகும்போது இடையில் கைப்பிடிக்க ஏதாவது வேண்டும். படம் அந்தக் கைப்பிடி. இந்தக் கண்ணோட்டம் வந்துவிட்டால் எதை வரைவது, எதை விடுவது என்பதும் தானாகவே மாறிவிடும்.

எங்கள் தவணைச் சிஸ்டத்துக்கே வருகிறேன். அந்த இரட்டை வசூல் சரியான பிறகு, நாலு பேர் ஒயிட்போர்டு முன்னால் நின்று ஒரு தவணையின் வாழ்க்கையை வரைந்தோம். முதலில் நிரலில் இருந்தபடியே மூன்று பெட்டிகள்: அனுப்பியது, வசூலானது, திரும்பியது. டேட்டாபேஸிலும் அந்த மூன்று ஸ்டேட்டஸ்தான் இருந்தன. அப்புறம் ஒருவர் கேட்டார்: “முதல் ஃபைலில் பேர் வராத தவணை, ராத்திரி பூரா எந்தப் பெட்டியில இருக்கு?” யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதற்குப் பெட்டியே இல்லை. அப்படி ஒரு நிலை உண்டு என்ற அறிவு அந்த அண்ணனிடம் இருந்தது. ஆனால் அது நிரலில் ஒரு பெயராக வரவில்லை, பெயரில்லாத ஓர் இஃபாக வந்திருந்தது. நாங்கள் நாலாவது பெட்டி போட்டு ‘பதிலுக்குக் காத்திருக்கிறது’ என்று எழுதினோம். அந்த வாரமே நிரலிலும் அது ஒரு ஸ்டேட்டஸ் ஆயிற்று. இன்று புதிதாக வரும் எவரும் அதைத் தெரியாமல் அழித்துவிட முடியாது. அழித்தால் டெஸ்ட் உடையும், ரிப்போர்ட் உடையும், நாலு பேர் கேட்பார்கள்.

இப்படி நிலைகளைக் காட்டும் ஸ்டேட் டயகிராம் ஒன்றுக்கே நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மாடலிங் என்றாலே சிஸ்டம் முழுவதையும் வரைவது என்று நினைத்துத்தான் டீம்கள் ஓடிவிடுகின்றன. தேவையே இல்லை. எந்த ஒரு பொருள் உங்கள் டீமுக்கு அடிக்கடி தலைவலி கொடுக்கிறதோ (ஆர்டரோ, கிளெய்மோ, அப்பாயின்ட்மென்டோ) அதன் நிலைகளை மட்டும் வரைந்தால் போதும். பத்துப் பெட்டிக்கு மேல் போனால் அது இரண்டு பொருள் ஒன்றாகக் கலந்து கிடப்பதற்கான அறிகுறி என்பது என் அனுபவம்.

இன்னொரு படமும் தேவைப்படும்: நம் சிஸ்டம் நடுவில், யார் யார் அதைப் பயன்படுத்துகிறார்கள், எந்தெந்த வெளிச் சிஸ்டத்தோடு அது பேசுகிறது என்று ஒரு பக்கப் படம். சைமன் பிரவுன் உருவாக்கிய சி4 முறையில் முதல் மட்டம் இதுதான். அதில் நாலு மட்டம் உண்டு, மேலே இருந்து கீழே போகப் போக விவரம் கூடும். நாலாவது மட்டம் நிரலுக்கே வந்துவிடும், அதைக் கையால் வரைய வேண்டாம் என்று அவரே சொல்கிறார். முதல் இரண்டு மட்டத்தைத் தாண்டி வரைந்த எந்தப் படமும் எங்கள் டீமில் ஒரு வருடம் உயிரோடு இருந்ததில்லை.

நிலைகளையும் தொடர்புகளையும் படம் சொல்லிவிடும். காரணத்தைச் சொல்லாது. அதற்கு மைக்கேல் நைகார்ட் 2011ல் முன்வைத்த ‘முடிவுப் பதிவு’ முறையைப் போல எளிமையான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஏடிஆர் (ஆர்க்கிடெக்சர் டெசிஷன் ரெக்கார்ட்) என்று சொல்வார்கள். முக்கியமான ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு சின்ன ஃபைல், ஓரிரு பக்கத்துக்கு மேல் போகாது. தலைப்பு, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அன்றைக்குச் சூழல் என்ன, என்ன முடிவு செய்தோம், அதனால் நல்லதும் கெட்டதுமாக என்ன வரும். எங்கள் டீமில் இப்போது இருக்கும் ஒன்று கிட்டத்தட்ட இப்படிப் போகும்: “வங்கி சில நாட்களில் பதிலை இரண்டு ஃபைலாகப் பிரித்து அனுப்புகிறது. முதல் ஃபைலில் இல்லாததைத் திரும்பியதாக எடுத்தால் இரட்டை வசூல் ஆகும், ஒருமுறை ஆகியிருக்கிறது. எனவே இரண்டாவது ஃபைல் வரும்வரை எதையும் மறுபடி அனுப்ப மாட்டோம். இதனால் மறுமுயற்சி ஒரு நாள் தள்ளிப்போகும், தெரிந்தே ஏற்கிறோம். வங்கி ஒரே ஃபைலுக்கு மாறினால் இதை மறுபரிசீலனை செய்யலாம்.”

அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. எப்போது இந்த வேலியைப் பிடுங்கலாம் என்பதையும் வேலி போட்டவரே சொல்லிவிட்டுப் போகிறார். பழைய பதிவைத் திருத்தக் கூடாது என்பது இந்த முறையின் இன்னொரு கட்டுப்பாடு. முடிவு மாறினால் புதிதாக ஒன்று எழுதி, பழையதில் ‘இது மாற்றப்பட்டது’ என்று மட்டும் குறிக்க வேண்டும். அப்போதுதான் மூன்று வருடம் கழித்து வருபவருக்கு, நாம் எந்த வழியாக நடந்து வந்தோம் என்பது தெரியும்.

வியாபாரத் தரப்பில் இருப்பவர்களின் தலையில் உள்ளதை வெளியே கொண்டுவர, இத்தாலியைச் சேர்ந்த ஆல்பெர்ட்டோ பிராண்டொலினி 2013 வாக்கில் கொண்டுவந்த ஈவென்ட் ஸ்டார்மிங் நன்றாக வேலை செய்கிறது. சுவர் முழுக்கக் காகிதத்தை ஒட்டி, நடந்து முடிந்த ஒவ்வொரு நிகழ்வையும் ஆரஞ்சு நிறச் சீட்டில் எழுதி, கால வரிசையில் ஒட்டுவார்கள். கருத்து முட்டும் இடத்தில் வேறு நிறச் சீட்டு ஒன்று ஏறும். எங்கள் டீம் அதற்குப் பிங்க் வைத்திருக்கிறது. கடைசியில் சுவரைப் போட்டோ எடுத்துவைப்பார்கள். அந்தப் போட்டோவால் பெரிய பலன் இல்லை. வசூல் பிரிவு ஆளும் கணக்குப் பிரிவு ஆளும் ‘தவணை முடிந்தது’ என்ற ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தச் சுவரின் முன்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்து, இதையெல்லாம் எங்கே வைப்பது? நிரல் இருக்கும் ரெப்போவிலேயே. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தனி விக்கியில் வைத்த படம் தனியாகவே செத்துப்போகும். பிளான்ட்யூஎம்எல், மெர்மெய்ட் மாதிரியான கருவிகளில் படத்தை எழுத்தாகவே எழுதலாம். ‘இதிலிருந்து இதற்கு அம்பு’ என்று ஒரு வரி எழுதினால் படம் தானே வரும். 2022 பிப்ரவரியிலிருந்து, டீம்கள் நிரலைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம் மெர்மெய்டை நேரடியாகவே காட்டுகிறது. எழுத்தாக இருப்பதால் புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) நிரல் மாற்றத்தோடு சேர்ந்தே படத்தின் மாற்றமும் வரும். ரிவ்யூ செய்பவர் “ஸ்டேட்டஸ் சேர்த்திருக்கீங்க, படத்துல எங்கே?” என்று கேட்க முடியும். அப்படிக் கேட்கும் பழக்கம் வராத டீமில் எந்தக் கருவி வாங்கிக் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

யாரும் கேட்காத படத்தை அழித்துவிட வேண்டும். பழைய படத்தை நம்பி இரவு இரண்டு மணிக்குத் தவறான சர்வரை ரீஸ்டார்ட் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படமே இல்லாவிட்டால் நிரலைப் படித்திருப்பார்கள்.

ஏஐ கருவிகள் வந்த பிறகு, “நிரலைக் கொடுத்தால் அதுவே விளக்கிவிடுமே, இதெல்லாம் எதற்கு?” என்ற கேள்வி வருகிறது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன், நிரல் என்ன செய்கிறது என்பதை நன்றாகவே சொல்கின்றன. அந்தப் பழைய இஃபைக் கொடுத்திருந்தால், இரண்டாவது ஃபைல் இல்லாவிட்டால் ஜாப் நிற்கும் என்று அழகாக விளக்கியிருக்கும். வங்கி ஏன் இரண்டு ஃபைல் அனுப்புகிறது என்பது எங்குமே எழுதப்படாதபோது அது எங்கே போய்ப் படிக்கும்? காரணத்தை எழுதிவைத்த டீமுக்கு அந்தக் கருவியும் இரட்டிப்பாக உதவுகிறது என்பதைப் பார்க்கிறேன்.

எங்கள் டீமில் கே.டி. இப்போது தலைகீழாக நடக்கிறது. போகிறவர் விளக்குவதில்லை. புதிதாக வந்தவர் இரண்டாவது வாரத்தில் ஒயிட்போர்டில் சிஸ்டத்தை வரைந்து காட்டுவார். ரெப்போவில் இருக்கும் படத்தைப் பார்க்கக் கூடாது, தனக்குப் புரிந்ததை வரைய வேண்டும். பழைய ஆட்கள் பின்னால் நின்று திருத்துவார்கள். அவர் தப்பாகப் போடும் ஒவ்வொரு அம்பும் எங்கே எங்கள் பெயர்கள் குழப்புகின்றன என்பதைக் காட்டிவிடும். நவுர் சொன்ன அந்தக் கோட்பாடு ஒரு புதுத் தலையில் கட்டப்படுவதை நேரில் பார்க்கிற மாதிரி இருக்கும்.

போன மாதம் ஒரு பெண் இப்படி வரைந்தாள். கல்லூரி முடித்து முதல் வேலை. எல்லாப் பெட்டியும் சரி, ஓர் அம்பு மட்டும் எங்களுக்குப் புரியவில்லை: வசூலான தவணையிலிருந்து மறுபடி ‘பதிலுக்குக் காத்திருக்கிறது’ நிலைக்கு ஒரு கோடு போட்டிருந்தாள். “இது வராதும்மா” என்றேன். “இல்லண்ணா, நிரல்ல இருக்கு” என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். இருந்தது. நாங்கள் மூன்று பேர், சேர்த்தால் பதினோரு வருட அனுபவம், யாருக்கும் காரணம் தெரியவில்லை. நிரல் வரலாற்றில் தேடினோம். எழுதியவர் அதே அண்ணன், தேதி ஒரு மார்ச் 31.

அந்தக் கோட்டின் மேல் ஒரு பிங்க் சீட்டை ஒட்டிவைத்துவிட்டு, அவருக்கு மறுபடி போன் போட்டேன்.